ஒதெல்லோவாய் வாழ்ந்தவர்

1833ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள். லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் நடந்துகொண்டிருந்தது. தலைமை வேடம் தாங்கிய எட்மண்ட் கீன், இயாகோவாக நடித்த தம் மகன் சார்லசின் கைகளில் மேடையிலேயே சாய்ந்தார். மே 15இல் மறைந்தார். இடையே, ஏப்ரல் 10ஆம் நாள், அதே அரங்கில் ஒதெல்லோவாகத் தோன்றியவர் இருபத்தைந்து வயது இளைஞர் ஐரா ஆல்ட்ரிட்ஜ். வெள்ளை நடிகர்கள் முகத்தில் சாயம் பூசி ஏற்றுவந்த அவ்வேடத்தை அன்று ஒரு கறுப்பினக் கலைஞர் ஏற்றார்.

1807 ஜூலை 24இல் நியூயார்க் நகரில் பிறந்த ஆல்ட்ரிட்ஜ், அங்கிருந்த ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில் பயின்றார். கறுப்பினத்தார் தாமே நடத்திய நாடகக் குழுவில் நடிப்பு அவரை ஆட்கொண்டது. தம் நாட்டில் தமக்கு மேடை கிட்டாதென உணர்ந்து 1824இல் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டே லண்டனின் சிறிய அரங்கொன்றில் ஒதெல்லோவாக நடித்தார்.

அந்நாடகத்தின் அழிவு அழுக்காற்றில் தொடங்குகிறது. தனக்குரியதெனக் கருதிய பதவி காசியோவுக்குச் சென்றதால் இயாகோ புழுங்குகிறான். அவன் கையில் சான்று ஏதுமில்லை. தவறி விழுந்த கைக்குட்டை ஒன்றும் நயவஞ்சகச் சொற்களுமே உள்ளன. டெஸ்டிமோனா தன் இனத்தாரை விடுத்து அயலானை மணந்தது இயல்புக்கு மாறானது என்ற எண்ணத்தை ஒதெல்லோவின் நெஞ்சில் விதைக்கிறான். வெனிஸ் நகரம் தன்னை உள்ளபடி ஏற்றதா என்னும் ஐயம் ஒதெல்லோவுக்குள் முன்பே உறங்கிக் கிடந்தது. இயாகோ அதை எழுப்பினான், அவ்வளவே. குற்றமற்ற மனைவியும், உண்மையை உரைத்த எமிலியாவும், இறுதியில் ஒதெல்லோவும் மாண்டனர்.

கோவன்ட் கார்டனில் ஆல்ட்ரிட்ஜைச் சூழ்ந்ததும் இத்தகைய நஞ்சே. அவர் மேடையேறும் முன்பே ஓர் ஏடு அவரைத் தாக்கத் தொடங்கிற்று. டெஸ்டிமோனாவாக நடித்த எல்லன் ட்ரீயை ஒரு கறுப்பர் தொடுவதே இழிவென மற்றோர் ஏடு எழுதிற்று. நாடாளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை இயற்றிய ஆண்டு அது என்பது நோக்கத்தக்கது. அவையோர் வரவேற்றும், அங்கு இருமுறையே அவர் நடிக்க முடிந்தது. லண்டனின் பேரரங்குகள் நெடுங்காலம் அவருக்கு வாயில் திறக்கவில்லை.

ஆயினும் அவர் அச்சொற்களைத் தம்மைப் பற்றிய உண்மையென ஏற்கவில்லை. சிற்றூர் மேடைகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கலையைச் செப்பம் செய்தார். 1852இல் ஐரோப்பியப் பயணம் தொடங்கினார். உடன் நடித்தோர் தத்தம் மொழிகளில் பேச, அவர் ஆங்கிலத்தில் பேசினார். பிரஷ்யாவும் ரஷ்யாவும் அவரைப் போற்றின. பண்ணையடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற உக்ரைனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ, 1858இல் அவர் உருவத்தை வரைந்தார். இருவரையும் நட்பாக்கியது பட்ட துயரின் ஒற்றுமையே எனலாம்.

1867 ஆகஸ்ட் 7ஆம் நாள், போலந்தின் லோட்ஸ் நகரில், கலைப்பயணத்தின் நடுவே ஆல்ட்ரிட்ஜ் காலமானார். அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது. இரவுதோறும் மேடையில் இயாகோவின் சொல்லை நம்பி மடிந்தவர், பகலில் அத்தகைய சொற்களை நம்ப மறுத்து அடுத்த ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டே இருந்தார்.