கண்ணை மரக்க வைத்த கார்ல் கோலர்

பாகூர் பக்கம் எங்க ஆயாவுக்குக் கண்புரை. கண்ணுகிட்ட ஊசி போடுவாங்கன்னு யாரோ சொல்லிவிட, இரண்டு வருஷம் ஆபரேஷனுக்கு வரமாட்டேன்னு ஒரே அடம். ஒருவழியாக அழைத்துப் போனோம். முதலில் சொட்டு மருந்து விட்டு மரக்க வைத்தார்கள். பிறகுதான் இமைக்கு உள்பக்கமாக ஊசி. எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையாம்!

அந்தச் சொட்டுக்கு வழிகாட்டியவர் கார்ல் கோலர். 1857-இல் பொஹீமியாவில் பிறந்தவர். வியன்னாவில் இளம் டாக்டர். அக்காலத்தில் கண் ஆபரேஷன் என்றால் நோயாளி வலியோடுதான் கிடக்க வேண்டும். ஈதர் கொடுத்தால் வாந்தி வரும், கண்ணுக்கு ஆபத்து. கோகெய்ன் நாக்கை மரக்கச் செய்வது பலருக்கும் தெரியும். கண்ணையும் மரக்கச் செய்யுமே என்று கோலருக்குத்தான் தோன்றியது. தவளைக் கண்ணில் விட்டுப் பார்த்தார். அப்புறம் தன் கண்ணிலேயே விட்டு, குண்டூசியின் தலையால் தொட்டார். ஒன்றும் தெரியவில்லை!

1884 செப்டம்பர் 15, ஹைடல்பெர்க்கில் கண் டாக்டர்கள் மாநாடு. போய்வரக் கையில் காசில்லை. அவர் கட்டுரையை வேறொரு டாக்டர் படித்தார். (பஸ் பாஸ் இல்லாமல் கல்லூரிக்கு வரமுடியாத நான், இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.) கொஞ்ச நாளிலேயே உலகெங்கும் பரவியது. மரக்கும் மருந்தை ஊசியில் ஏற்றும் வழக்கமும் அதன்பின் வந்ததுதான்.

யூதர் என்று இழிவுபடுத்திய சக டாக்டரோடு 1885-இல் வாள்சண்டை. விரும்பிய வேலை வியன்னாவில் கிடைக்கவில்லை. 1888-இல் நியூயார்க் போனார். 1944-இல் அங்கேயே இறந்தார். கோகெய்ன் பழக்கமாகிவிடும் என்பதால் இன்று வேறு மருந்து விடுகிறார்கள்.

ஆயா இப்போது அடுத்த கண்ணுக்கு எப்போன்னு கேட்கிறார்.