செய்தியை ஆயுதமாக்கிய ஹைதர் அலி: திண்டுக்கல்லில் தொடங்கிய வரலாறு

திண்டுக்கல் நகருக்குள் நுழையும்போதே மலைக்கோட்டை நம் கண்ணில் படுகிறது. 1605-ஆம் ஆண்டு மதுரை நாயக்கர் காலத்தில் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அதன் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் சிறுமலையும் மறுபக்கம் பழனி மலைத்தொடரும் தெரியும். நடுவில் விரிந்து கிடக்கும் சமவெளியில் வருவோர் போவோர் யாவரும் பார்வைக்குத் தப்ப முடியாது. ஊருக்குள் பேகம்பூர் பள்ளிவாசல் வளாகத்தில் அமீருன்னிஸா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கிறது. அவர் ஹைதர் அலியின் சகோதரி என்பது ஊர் வழக்கு. பேகம்பூர் என்ற பெயரே அவரால் வந்தது என்கிறார்கள்.

ஹைதர் அலி என்றதும் நம் பிள்ளைகளுக்கு வாளும் குதிரையும் நினைவுக்கு வரும். கொஞ்சம் படித்தவர்கள் ராக்கெட்டையும் சொல்வார்கள். ஆனால் அவருடைய பெரும் பலம் வேறொன்று. எதிரி என்ன செய்கிறான் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார். தாம் என்ன செய்யப்போகிறோம் என்பதை எதிரி அறியாமல் பார்த்துக்கொண்டார். இன்று இராணுவ உளவுத்துறை என்ற பெயரில் வல்லரசுகள் செயற்கைக்கோள்களைக் கொண்டு செய்வதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் 18-ஆம் நூற்றாண்டில் மனிதர்களைக் கொண்டு செய்தார்.

சிப்பாயிலிருந்து ஃபவுஜ்தார் வரை

1720-ஆம் ஆண்டையொட்டி, கோலாருக்கு அருகிலுள்ள பூதிக்கோட்டையில் ஹைதர் அலி பிறந்தார். தந்தை ஃபத்ஹ் முஹம்மது போரில் உயிரிழந்தபோது ஹைதர் சிறுவர். பள்ளிப்படிப்புக்கு வழியில்லை. 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய வீரத்தால் மைசூர் அமைச்சர் நஞ்சராஜரின் பார்வையில் பட்டார். பிறகு திருச்சிராப்பள்ளிக்காக நடந்த நீண்ட போரில் மைசூர்ப் படையுடன் வந்தார். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் படையை அணிவகுக்கும் முறை, பீரங்கியைக் கையாளும் விதம் எல்லாவற்றையும் அங்கேதான் அருகிலிருந்து கவனித்தார்.

1755-இல் அவரைத் திண்டுக்கல் ஃபவுஜ்தாராக மைசூர் அரசு நியமித்தது. பழனி, விருப்பாட்சிப் பாளையக்காரர்களை அடக்கி வரி வசூலிப்பதே அவருக்குக் கொடுத்த வேலை. அந்த வேலையோடு அவர் நின்றுவிடவில்லை. பிரெஞ்சுத் தொழில்நுட்பம் அறிந்த கைவினைஞர்களைத் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வரவழைத்து, திண்டுக்கல்லில் ஓர் ஆயுதச்சாலை அமைத்தார். பிற்காலத்தில் ஆங்கிலேயரைக் கதிகலங்க வைத்த மைசூர் பீரங்கிப் படைக்கு விதை நம் திண்டுக்கல் மண்ணில்தான் விழுந்தது.

மஞ்சள் தடவிய கட்டுகள்

திண்டுக்கல் காலத்துச் சம்பவம் ஒன்றையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒரு சண்டைக்குப் பின், காயம்பட்ட வீரர்களுக்கு உதவித்தொகை கேட்டுத் தலைநகருக்குக் கணக்கு அனுப்பினார் ஹைதர். சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். அதிகாரிக்குக் காட்டியதோ சுமார் 700 பேரை. கையிலும் காலிலும் மஞ்சள் தடவிய துணிக்கட்டுகளோடு அவர்கள் வரிசையாகக் கிடந்தார்கள். அதிகாரி நம்பினார், பணமும் வந்தது. இதை எழுதியவர், பின்னாளில் மைசூர் வரலாற்றைத் தொகுத்த ஆங்கிலேய அதிகாரி மார்க் வில்க்ஸ். அவர் ஹைதரின் நண்பர் அல்லர் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அது உண்மையாக இருந்தால், போர்க்களத்தில் எதிரியை ஏமாற்றும் தந்திரத்தோடு அதைச் சேர்க்க முடியாது. தம்மை நம்பிய அரசின் கருவூலத்தில் செய்த அமானித மோசடி அது. மாமனிதர்களின் வாழ்விலும் தவறு தவறுதான். கண்ணால் கண்டதையே நம்பும் மனிதனை எவ்வளவு எளிதாக ஏமாற்றலாம் என்பதை மட்டும் ஹைதர் அன்றே அறிந்திருந்தார்.

ஒரு பொய்க் கடிதம் கலைத்த படை

அறியாமையின் விலையையும் அவர் கொடுத்தார். அவருடைய கணக்கர் கண்டே ராவ், தலைநகரில் ஹைதரின் காதாக இருந்தவர். 1760-இல் அந்தக் கண்டே ராவே அரண்மனையோடு சேர்ந்து அவருக்கு எதிராகத் திரும்பினார். ஹைதருக்கு முன்கூட்டித் தகவல் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு, இரவோடு இரவாகத் தப்பி ஓட நேர்ந்தது.

சில மாதங்களில் மீண்டும் இருவரும் மோதினர். ஹைதரின் படை சிறியது. அப்போது அவர் சில கடிதங்களைத் தயார் செய்தார். நஞ்சராஜரின் முத்திரையோடு, கண்டே ராவின் தளபதிகளுக்கு எழுதியவை போல அவை இருந்தன. ஒப்புக்கொண்டபடி கண்டே ராவைப் பிடித்து ஒப்படையுங்கள் என்பதே அவற்றின் சாரம். கடிதம் கொண்டுபோனவர் வேண்டுமென்றே கண்டே ராவின் கையில் சிக்கினார். கண்டே ராவ் விசாரிக்கவில்லை. தம் தளபதிகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. களத்தை விட்டு ஓடினார். தலைவனை இழந்த படையை ஹைதர் எளிதில் வென்றார். 1761-இல் மைசூரின் ஆட்சி அவர் கைக்கு வந்தது.

காதால் ஆண்டவர்

ஹைதரின் படையில் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி தெ லா தூர், அவருடைய அன்றாடத்தை விவரித்திருக்கிறார். காலையில் நாவிதர் முகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இரவுக் காவலில் இருந்தவர்கள் வந்து நடந்ததைச் சொல்வார்கள். தர்பாரில் சுவரோரமாக எழுத்தர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஹர்காராக்கள் எனப்படும் தூதர்கள் ஓயாமல் வந்தபடி இருப்பார்கள். ஒருவர் கடிதத்தைப் படிக்க, ஹைதர் கேட்டவுடனே பதில் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். ஒரே நேரத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்டபடி மற்றொருவருக்கு உத்தரவிடும் ஆற்றலும், கேட்டதை மறக்காத நினைவும் அவருக்கு இருந்தன.

இதற்குத் துணையாக மைசூரில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. நாம் அஞ்சல் என்கிறோமே, அதை அவர்கள் அஞ்சே என்றார்கள். சிக்க தேவராஜ உடையார் ஏற்படுத்திய இந்த அஞ்சல் முறை, கடிதம் சுமப்பதோடு ஊர்ச் செய்திகளையும் திரட்டி அரசுக்கு அனுப்பியது. ஹைதர் அதை மேலும் கூர்மையாக்கினார். குடிமக்களுக்கு அது அச்சத்தையும் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1769 மார்ச் மாதம் இந்த வலையின் பலன் தெரிந்தது. ஆங்கிலேயப் படையைத் தொலைவுக்கு இழுத்துவிட்டு, பீரங்கிகளையும் பெரும்படையையும் திருப்பி அனுப்பினார் ஹைதர். 6,000 குதிரைவீரர்களோடு மூன்றரை நாளில் சுமார் 210 கிலோமீட்டர் கடந்து, சென்னையின் வாசலில் வந்து நின்றார். கர்னல் ஸ்மித்தின் படை பின்னால் எங்கோ இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆங்கிலேயர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர்.

சிவகங்கையை இழந்த வேலுநாச்சியார் 1772-க்குப் பின் தஞ்சம் புகுந்ததும் ஹைதரின் ஆளுகையில் இருந்த இதே திண்டுக்கல், விருப்பாட்சிப் பகுதியில்தான். ஹைதரின் உதவியோடு 1780-இல் அவர் நாட்டை மீட்டார்.

பொள்ளிலூர்

அதே 1780-இல் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அவர் வருகிறார் என்ற எச்சரிக்கை சென்னைக்கு முன்பே வந்திருந்தது. அங்கிருந்தவர்கள் அதை நம்பாமல் காலம் கடத்தினர். செய்தி கையில் இருந்தும் பயன்படுத்தத் தெரியாதவர்களின் கதை அது.

காஞ்சிபுரத்தில் தளபதி மன்றோவின் படை. வடக்கிலிருந்து அதோடு சேர வந்துகொண்டிருந்தது கர்னல் பெய்லியின் படை. இரண்டும் சேரக் கூடாது என்பது ஹைதரின் திட்டம். ஆங்கிலேயரின் வழிகாட்டிகள் சிலரே ஹைதரின் ஆட்களாக இருந்தார்கள் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே எழுதுகிறார்கள். பெய்லிக்கு உதவப்போன ஃபிளெட்சர் அந்த வழிகாட்டிகளைச் சந்தேகித்து வேறு பாதையில் போனதால்தான் தப்பிச் சென்று சேர்ந்தார். ஆனால் பெய்லி இரவில் நடுவழியில் தங்கிவிட, ஹைதரின் படை ஓசையின்றி நகர்ந்து சூழ்ந்துகொண்டது. செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் திப்புவும் ஹைதரும் இரு பக்கமும் தாக்கினர். பீரங்கிக் குண்டுகளும் ராக்கெட்டுகளும் பொழிய, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெய்லி சிறைப்பட்டார். மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இரும்புக் குழாயில் மருந்தை அடைத்த மைசூர் ராக்கெட்டுகளை 1799-க்குப் பின் ஆங்கிலேயர் எடுத்துச் சென்று ஆராய்ந்து, தங்கள் காங்கிரீவ் ராக்கெட்டை உருவாக்கினர். அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதள வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படை ஓவியத்தைக் கண்டு, நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் பூரித்துப்போனதை அவரே எழுதியிருக்கிறார்.

கடலில் மட்டும் ஹைதரின் கை எட்டவில்லை. 1781 தொடக்கத்தில் கடலூரில் சிக்கித் தவித்த ஆங்கிலேயப் படையைக் கடல்வழி அடைக்க வேண்டிய பிரெஞ்சுக் கப்பற்படை, கிளம்பிப் போய்விட்டது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார். அறிவது ஒன்று, அறிந்ததைச் செய்யும் பலம் இருப்பது வேறொன்று.

மரணத்தையும் மறைத்த படை

1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே பாசறையில் ஹைதர் அலி வஃபாத்தானார். திப்புவோ தொலைவில் மலபாரில். செய்தி வெளியே போனால் படை கலையும், ஆங்கிலேயர் பாய்வார்கள். பூர்ணையாவும் கிருஷ்ண ராவும் மற்ற அதிகாரிகளும் அதை மறைத்தார்கள். ஜனாஸா, பொன் கொண்டுபோகும் பெட்டி போலக் கோலாருக்குச் சென்றது. பாசறையின் அன்றாட வேலைகள் வழக்கம்போல் நடந்தன. வதந்தி சென்னையை எட்டியும் தளபதி ஸ்டூவர்ட் நம்பத் தயங்கினார்; படையை நகர்த்தவில்லை. 1783 ஜனவரித் தொடக்கத்தில் திப்பு பாசறைக்கு வந்து பொறுப்பேற்றார். உயிரோடு இருந்தபோது ஹைதர் வளர்த்த கட்டுப்பாடு, அவர் இறந்த பிறகும் அவருடைய அரசைக் காத்தது. அந்தக் காவலில் முன்னின்றவர்கள் அவருடைய இந்து அமைச்சர்கள் என்பதை இன்றைய சூழலில் நாம் நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

நமக்கு என்ன?

அகழ்ப் போரின் கடுங்குளிர் இரவில் எதிரிகளின் நிலை அறிந்துவர நபி (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அவர்கள் பார்த்ததை மட்டும் பார்த்தபடி வந்து சொன்னார்கள். ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்பது சூரத்துல் ஹுஜுராத் நமக்குத் தரும் கட்டளை.

கண்டே ராவ் ஒரு கடிதத்தை நம்பி ஒரு அரசையே இழந்தார். இன்று நம் கைப்பேசியில் அப்படிப்பட்ட கடிதங்கள் நாளும் வருகின்றன. பள்ளிவாசலைப் பற்றி, பக்கத்துத் தெருவைப் பற்றி, நம்மில் ஒருவரைப் பற்றி. யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். நம்மை நாமே சந்தேகிக்க வைக்கவே அவற்றில் பல வருகின்றன. எழுத்தறியாத ஹைதர் ஒவ்வொரு செய்தியையும் பிறர் வாயால் கேட்டு, யோசித்த பிறகே பதில் சொன்னார். படித்த நாம் படிக்காமலேயே அனுப்புகிறோம்.

அடுத்த முறை பிள்ளைகளை மலைக்கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது, பீரங்கியைக் காட்டுவதோடு நிறுத்தாமல் இந்தக் கதையையும் சொல்லுங்கள். இறங்கி வரும்போது பேகம்பூரில் ஒரு துஆ செய்துவிட்டு வாருங்கள்.

உண்மையை உண்மையாக அறியவும், பொய்யைப் பொய்யென்று உணர்ந்து விலகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.