வெடிமருந்தும் திப்பு சுல்தானும்

திப்பு சுல்தான் என்றதும் நம் பிள்ளைகளுக்கு வாளும் புலியும்தான் நினைவுக்கு வரும். அவரது வாழ்வைப் புரிந்துகொள்ள வெடிமருந்தைப் பற்றியும் நாம் சிறிது அறிய வேண்டும்.

ஹைதர் அலியின் மகனாக 1750இல் தேவனஹள்ளியில் பிறந்தவர் திப்பு. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரையே அவருக்குச் சூட்டினார்கள்.

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததே அன்றைய வெடிமருந்து. வெடியுப்பில் வேறு உப்பு கலந்திருந்தால் ஈரத்தை இழுத்து மருந்து நமத்துவிடும். துப்பாக்கி மருந்து சட்டென எரிந்து குண்டைத் தள்ள வேண்டும். ராக்கெட் மருந்தோ சீராக எரிந்துகொண்டே போக வேண்டும். அதற்கு மருந்தை இறுக்கி அடைக்க வேண்டும். மூங்கிலும் காகிதமும் தாங்காத அந்த அழுத்தத்தை இரும்புக் குழாய் தாங்கியது. அதனால் மைசூர் ராக்கெட்டுகள் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பாய்ந்தன.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அவரது படை வீழ்ந்தது. 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம், கொள்ளிடக் கரையிலுள்ள அன்னகுடியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைத் திப்பு சரணடைய வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஹைதர் மறைய, திப்பு அரியணை ஏறினார்.

ஆனால் அந்தப் போரில் தஞ்சை மண் பட்ட பாட்டையும் நாம் மறைக்கக் கூடாது. 1781இல் மைசூர்ப் படை புகுந்தபோது வாய்க்கால்கள் உடைந்தன, ஆடு மாடுகள் பறிபோயின, நெல் விளைச்சல் சரிந்தது. உழவன் எந்த மதத்தவனானாலும் பட்டினி ஒன்றுதான்.

1799இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டனர். மே 2 அன்று அவர்களது குண்டு பட்டு, கோட்டைக்குள் இருந்த ராக்கெட் கிடங்கே வெடித்தது. இரண்டு நாள் கழித்து, மே 4 அன்று, கோட்டை வாயிலில் போரிட்டபடியே திப்பு ஷஹீதானார். அவரது ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்தே வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார்.

பொள்ளிலூரில் கைகொடுத்த மருந்துதான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோட்டையைக் குலுக்கியது. திப்புவின் அறிவையும் வீரத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். காவிரிக் கரை உழவர்களின் கண்ணீரையும் சேர்த்தே சொல்வோம். வரலாறு நம்மிடம் உள்ள அமானிதம்.