நான் விரும்பும் ஜி.டி. நாயுடு

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றுபோச்சு. ஓட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைக் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டபோது தானே ஓட்டினார். ஜனங்களோடயே இருந்ததாலதான் யாருக்கு எது வேணும்னு தெரிஞ்சிருக்கும் என்பது என் எண்ணம். கரண்ட் இல்லாத வீட்டுக்கு மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி செய்தார்! 1974-ல் காலமானார்.

எங்க அம்மா பீடி சுத்துறாங்க. ஃபேன் போட்டால் தூள் பறக்கும். குற்றாலத்தில் சாரல் விழும்வரை வேர்த்துக்கிட்டேதான் சுத்துவாங்க. நாயுடு தென்காசி வந்திருந்தா முதல்ல அம்மா பக்கத்துல உட்கார்ந்து பாத்திருப்பார். தூள் பறக்காத விசிறி ஒண்ணு நோட்டில் வரைஞ்சிருக்கேன். அம்மாகிட்ட காட்டினேன், காத்து கால்பக்கம் வரணும்னாங்க. மறுபடி வரையுறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி