எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேட வழி செய்தவர்

தங்கவயலிலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரில் சிலர், ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்துக் கட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலும் கையுமாக இருப்பதைக் காணலாம். இரண்டாம் எழுத்து தெரியும், கடைசி எழுத்தும் தெரியும், சொல்தான் அகப்படாது. தெரிந்த எழுத்தைக் கொண்டு தெரியாத சொல்லைத் தேடும் இந்த வேலைக்கு, தமிழில் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நூல் செய்து வைத்தவர் வீரமாமுனிவர்.

இவர் இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. ஏசு சபைக் குருவான அவர், சமயப் பணிக்காக 1710-இல் இந்தியா வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. அந்த வயதில்தான் தமிழ் படிக்கத் தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கணமும் இலக்கியமும் பயின்றார் என்பர். முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டவர், பின்னர் வீரமாமுனிவர் என அழைக்கப்பட்டார்.

மனப்பாடமே கதி

அக்காலத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டுகளைத்தான் நாட வேண்டும். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை செய்யுளில் அமைந்தவை. சிறு வயதிலேயே ஆசிரியர் முன் அமர்ந்து மனப்பாடம் செய்தவருக்கு அவை உதவும். மற்றவருக்கு ஏடு கையில் இருந்தும் பயனில்லை. 1594-இல் அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. ஆயினும் அதுவும் செய்யுளே.

முப்பது வயதில் படிக்க வந்த அயல்நாட்டாருக்கு இந்தத் தொல்லை நன்றாகவே புரிந்திருக்கும். 1732-இல் அவர் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பகுதிகள். ஒரு சொல்லின் பல பொருள்களைப் பெயர்ப் பகுதி தரும். ஒரு பொருளுக்குரிய பல சொற்களைப் பொருள் பகுதி தரும். ஐம்பூதம், நவமணி போன்ற கூட்டங்களைத் தொகைப் பகுதி விரிக்கும்.

நான்காவதான தொடைப் பகுதியே குறுக்கெழுத்துக்காரருக்கு நெருங்கிய உறவு. எதுகைக்கு ஏற்ற சொற்கள் அதில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. அலை, கலை, தலை, மலை, வலை என்பது போல. பாட்டுக் கட்டுவோர் எழுத்தைச் சொன்னால், சொல் தானே வந்து நிற்கும்.

எரியா, ஏரியா?

எழுத்து வரிசையில் சொல்லைத் தேட, எழுத்தில் ஐயம் இருக்கக் கூடாது. அந்நாளில் எகர ஒகரக் குறில்களுக்குத் தலையில் புள்ளி வைப்பது மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிடுவர். அதனால் எரியும் ஏரியும் கண்ணுக்கு ஒன்றே. கெடுவும் கேடுவும் ஒன்றே. நெடிலுக்குக் காலும் சுழியும் கொடுத்து இக்குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவரே. இன்று நாம் எழுதும் ஏ, ஓ, கே, கோ எல்லாம் அந்தத் திருத்தத்தின் பயன்.

தேம்பாவணி என்னும் காவியத்தையும், தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணத்தையும், சிரிக்கச் சிரிக்கப் பரமார்த்த குரு கதையையும் எழுதியவரும் இவரே. 1747-இல் அவர் காலமானதாகக் கூறுவர். சதுரகராதி 1824-இல் சென்னையில் அச்சேறியது. பின்னர் வின்சுலோ அகராதியும் (1862), சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் அந்த அகர வரிசையிலேயே வந்தன.

1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை வைக்கப்பட்டது. ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் உட்கார வாய்ப்பில்லாதவரும், எழுத்து மட்டும் தெரிந்தால் எந்தச் சொல்லையும் தாமே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியதே அவர் செய்த பெரிய உதவி. பள்ளியைப் பாதியில் விட்டுச் சுரங்கத்தில் இறங்கியவர் வீட்டிலும் ஓர் அகராதி இருந்தால், அங்கே அவர் இருக்கிறார்.