கைக்கெட்டிய எச்சரிக்கை

ருஷியச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாண்டர் 1818-ல் மாஸ்கோவில் பிறந்து, 1855-ல் பட்டமெய்தினார். 1861-ல் கோடிக்கணக்கான பண்ணையடிமைகளை விடுவித்தார். 1864-ல் நியாய ஸ்தலங்களைச் சீர்திருத்தினார். அத்தகையவர் தம் தலைநகர வீதியிலேயே வெடிகுண்டுக்கு இரையானார். ஆபத்து அறிவிப்பின்றி வரவில்லை என்பதே அவரது சரித்திரம் புகட்டும் பாடமாகும்.

1866-ல் ஒரு வாலிபன் அவரைச் சுட்டுக் குறி தவறினான். உடனே சர்க்கார் கல்விச் சாலைகளையும் பத்திரிகைகளையும் நெருக்கிற்று. வாய்கள் அடைபட்டன, சதி ஒழியவில்லை. 1879-ல் 'மக்கள் விருப்பம்' என்ற ரகசியச் சங்கம் தோன்றி, அரசரைக் கொல்லத் தீர்மானித்தது.

அவ்வாண்டிலேயே கைதான ஒரு சதிகாரனிடம் அரண்மனைப் படம் ஒன்று அகப்பட்டது. அதில் போஜன மண்டபத்தின் மீது குறியிடப்பட்டிருந்தது. அப்படியிருந்தும், அரண்மனையில் தச்சனாக அமர்ந்த சதிகாரன் சிறிது சிறிதாக வெடிமருந்து சேர்த்துவந்ததை எவரும் கண்டிலர். 1880 பிப்ரவரியில் மண்டபம் அதிர்ந்தது. 11 பேர் மாண்டனர். விருந்து தாமதித்ததால் அரசர் பிழைத்தார்.

அதன் பின்னரே லோரிஸ்-மெலிகாப் என்பாரிடம் முழு அதிகாரம் அளிக்கப்பட்டது. அவர் பழைய ரகசியப் போலீஸ் இலாகாவைக் கலைத்துப் புதிதாக அமைத்தார். ஜனப்பிரதிநிதிகளைச் சட்ட ஆலோசனையில் சேர்க்கும் திட்டமும் வகுத்தார். காவலும் சீர்திருத்தமும் இணைந்து செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை.

1881 மார்ச் 11-ல் சதித் தலைவன் ஜெலியாபாப் பிடிபட்டான். ஆயினும் வெளியே செல்லவேண்டாமென மந்திரி அரசரை வேண்டினார். மறுநாள், சந்தேகத்துக்குரிய ஒரு பாலாடைக்கட்டிக் கடையை அதிகாரிகள் சோதித்தனர். அங்கிருந்த பீப்பாய்களில் சுரங்கம் தோண்டிய மண் நிறைந்திருந்தது. ஒன்றையேனும் அவர்கள் திறந்து பார்த்திலர்! 13-ந் தேதி காலை அரசர் சீர்திருத்தத் திட்டத்துக்கு இசைவளித்துவிட்டு, படை அணிவகுப்பைக் காணச் சென்றார். திரும்புகையில் அக்கடை வழியே வராமல் கால்வாய்க் கரையோரம் வந்தார். எஞ்சிய சதிகாரர் அங்கே காத்திருந்தனர். முதற் குண்டுக்குத் தப்பியவர் வண்டியினின்றும் இறங்கினார். இரண்டாவது குண்டு அவர் உயிரைக் குடித்தது. மைந்தர் மூன்றாம் அலெக்ஸாண்டர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

கொலைத் தொழிலை நாம் ஒருபோதும் ஆதரியோம்; ருஷிய மக்களுக்கு அதனால் விளைந்தது மேலும் கடுமையான அடக்குமுறையே. ஆயினும் ஆட்சியாளரின் குறையையும் நாம் மறைத்தலாகாது. கிடைத்த தடயத்தை முற்றும் ஆராய்வதும், நியாயமான உரிமையைக் காலத்தில் வழங்குவதும் அரசின் முதற் கடமைகள். அலெக்ஸாண்டர் அரசாங்கம் முன்னதை அரைகுறையாகச் செய்தது. பின்னதைக் கடைசி நாள் காலை வரை ஒத்திப்போட்டது.