இன்சுலினின் உருவைக் கண்ட அம்மையார்

உங்கள் வீட்டிலோ அயலிலோ நீரிழிவு நோயினால் நாள்தோறும் இன்சுலின் ஊசி ஏற்றிக்கொள்ளும் ஒருவர் இருக்கக்கூடும். அந்தச் சிறு போத்தலில் உள்ள மருந்தின் உருவத்தை உலகுக்குக் காட்டியவர்களின் தலைவி ஒரு பெண்மணி. அவரது வாழ்வைச் சற்று அறிந்துகொள்வோம்.

டொரத்தி 1910ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி எகிப்தின் கெய்ரோ நகரில் ஆங்கிலேயப் பெற்றோரின் மூத்த மகளாகப் பிறந்தார். பத்து வயதிலேயே பளிங்குகளில் அவருக்கு ஆசை பிறந்தது. ஆனால் இங்கிலாந்தில் அவர் பயின்ற பாடசாலையில் இரசாயனம் ஆண்பிள்ளைகளுக்குரிய பாடம். அதைப் படிக்க அவர் விசேட அனுமதி பெறவேண்டியிருந்தது. 1932இல் ஒக்ஸ்போர்டில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, பேர்னால் என்னும் அறிஞரிடம் ஆய்வு பயின்றார். பெப்சின் என்னும் புரதத்தின் பளிங்கை எக்ஸ் கதிரால் படம்பிடித்து, இருவரும் 1934இல் அதுபற்றி அறிவித்தனர்.

அதே ஆண்டில், 24 வயதில், மூட்டுவாதம் அவரைப் பற்றிக்கொண்டது. காலப்போக்கில் விரல்கள் கோணின. அந்தக் கைகளாலேயே அவர் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் பளிங்குகளைக் கையாண்டார். 1935இல் இன்சுலின் பளிங்கைப் படம்பிடித்தார். அதன் முழு உருவம் தெளிவானதோ 1969இல். 34 ஆண்டுகள்! இடையில் 1937இல் தோமஸ் ஹொட்ஜ்கினை மணந்து மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார். பெனிசிலினின் அமைப்பையும் பி12 உயிர்ச்சத்தின் அமைப்பையும் கண்டறிந்தார். 1964இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

இன்சுலினில் அப்படி என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். ஒரு திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தோளோடு தோள் உரசி நிற்பவர் எல்லோரும் உறவினர் அல்லர். கைகோத்து நிற்கும் குடும்பமும் அங்கே உண்டு. நெரிசலால் தற்செயலாய் ஒட்டி நிற்போரும் உண்டு. பளிங்கும் இவ்வாறே. அதனுள் ஒவ்வொரு புரத மூலக்கூறும் தன் அயலவை பலவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். எது உடலிலும் நிலைக்கும் உறவு, எது வெறும் நெரிசல் என்பதைப் படம் தானாகச் சொல்லாது.

டொரத்தி அம்மையாரின் குழுவினர் கண்டது இது: இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்கின்றன, மூன்று சோடிகள் இரண்டு நாக அணுக்களைச் சூழ்ந்து ஆறு பேர் கொண்ட குடும்பமாகின்றன. இது நெரிசல் அன்று என்று எப்படி அறிவது? தொடும் பரப்பு அகன்றதா, நீரை வெறுக்கும் பகுதிகள் அங்கே மறைந்துள்ளனவா என்று பார்ப்பர். எல்லாவற்றிற்கும் மேலாக, பளிங்கைக் கரைத்த பின்னும் அந்தக் கூட்டம் நிலைக்கிறதா என்று சோதிப்பர். இன்சுலின் இச்சோதனைகளில் தேறியது. நம் சதையியில் அது நாகத்தோடு இந்த ஆறின் கூட்டமாகவே சேமிக்கப்படுகிறது. ஆனால் இரத்தத்தில் கலந்ததும் குடும்பம் பிரிகிறது; தனி மூலக்கூறே வேலை செய்கிறது. சேமிப்புக்கு ஓர் உருவம், உழைப்புக்கு வேறோர் உருவம்!

இதனால் நோயாளிக்கு என்ன பயன்? ஊசியால் ஏற்றிய இன்சுலின் தோலின் கீழ் பிரிந்து தனித்த பின்னரே விரைவாக இரத்தத்தில் சேரும். அதற்கு நேரம் பிடிக்கும். எந்த இடத்தில் சோடி பிடித்துக்கொள்கிறது என்பது தெரிந்திருந்தபடியால், அவ்விடத்தில் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி, எளிதில் பிரியும் இன்சுலினைச் செய்தார்கள். அது 1996இல் பாவனைக்கு வந்தது. உணவு வேளையையொட்டி ஏற்றிக்கொள்ளலாம். 1971இல் தொடங்கிய உலகப் புரதத் தரவு வங்கியிலும், பளிங்கின் அமைப்போடு உடலில் இயங்கும் கூட்டம் எது என்பதும் இன்று சேர்த்தே பதியப்படுகிறது.

அம்மையார் அந்தப் புதிய மருந்தைக் காணவில்லை. 1993இல் சக்கர நாற்காலியில் பீக்கிங் நகரம் வரை சென்று பளிங்கியல் அறிஞர் மாநாட்டில் கலந்துகொண்ட அவர், 1994ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி காலமானார்.

பெற்றோரே, அன்று அந்தப் பாடசாலை அனுமதி மறுத்திருந்தால் நாம் இழந்திருப்பது எவ்வளவு! உங்கள் மகள் விஞ்ஞானம் படிக்க விரும்பினால் குறுக்கே நில்லாதீர்கள். பலன் காலந்தாழ்த்தி வந்தாலும் அவளோடு காத்திருங்கள்.